ஆறு பட்டைப் புட்டிகளுக்காகக் கூண்டேறிய எங்கள் கையெழுத்தக்காவுக்கு

முப்பத்தாறு ஆண்டுகள் முனை மழுங்காத பேனாவே! மூன்று படிகளில் எழுதி, மூன்றையும் முகம் கோணாமல் சரிபார்த்த முறைமையே! கார்பன் தாளின் கருமையைக் கைவிரலில் ஏற்று, கருத்தில் ஏறவிடாத நேர்மையே! வாய்ச்சொல்லோடு வந்தவரை வாயிலிலேயே நிறுத்தி, வடிவான எழுத்தைக் கேட்டு வாங்கிய விழிப்பே! எழுதப்படாத ஒரு சொல்லுக்காகத் தன்னந்தனியே எழுந்து நின்ற ஏற்றமே!

பணி நிறைவு பெறும் தங்கள் திருமுன், இருமல் மருந்து ஆலையின் எல்லாப் பிரிவு ஊழியர்களும் ஒன்றாய்க் கூடி, உள்ளம் உவந்து, உரத்த குரலில் வாசித்தளிக்கும் மடல் இது. உரத்த குரலில் என்று எழுதியிருப்பது அழகுக்காக அல்ல. மாடியில் மேலாளர் அறையின் ஜன்னல் திறந்திருக்கிறது. கேட்க வேண்டியவருக்கும் கேட்கட்டும்.

அக்கா, 'தாங்கள்' என்பதை இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். அப்படி அழைத்தால் நீங்கள் பின்னால் திரும்பி, யாரைச் சொல்கிறார்கள் என்று தேடுவீர்கள். இந்த மடலை எழுதச் சொல்லி என்னைப் பணித்தார்கள். நான் அனுப்புகைப் பிரிவில் பெட்டிகளுக்கு முகவரி எழுதுகிறவன். முன்பு கொள்முதல் பிரிவில் உங்களுக்கு எதிர் மேசையில் இருந்தவன். என் தமிழில் பிழையிருந்தால் பொறுத்தருள்க. உண்மையில் பிழையிருந்தால் இங்கேயே நிறுத்தித் திருத்துக.

கொள்முதல் பிரிவுக்குள் நீங்கள் காலடி வைத்த நாள் முதல் இந்த ஆலைக்குள் ஓர் ஆணிகூட எழுத்தின்றி நுழைந்ததில்லை. சுவர்க் கடிகாரத்துக்குப் பேட்டரி வாங்கப் போனவரையும் கதவருகே மடக்குவீர்கள். என்ன பொருள், எத்தனை, யார் வாங்குகிறார், யார் விற்கிறார் என ஒரு துண்டுத் தாளில் எழுதி, கீழே கையொப்பம் வாங்கிய பிறகே வழிவிடுவீர்கள். அதனால்தான் 'கையெழுத்தக்கா' என்று பெயர் வந்தது. முதலில் முதுகுக்குப் பின்னால் அழைத்தோம், பிறகு முகத்துக்கு நேரே அழைத்தோம், கடைசியில் உங்கள் கணவரும் தொலைபேசியில் "கையெழுத்தக்கா இருக்காங்களா?" என்றே கேட்கத் தொடங்கினார். மூட்டை கட்டும் பிரிவு அண்ணன் தம் மகள் திருமணத்துக்கு அழைக்க வந்தபோது, "வாயால கூப்பிட்டா வருவீங்களா, இல்ல எழுத்துல வேணுமா?" என்று சீண்டினார். "பத்திரிகை அடிச்சிருப்பீங்கல்ல? அதுவும் எழுத்துதான், குடுங்க" என்று கை நீட்டினீர்கள். அன்று சிரித்தவர்கள் எல்லோரும் இன்று இங்கே இருக்கிறோம்.

சட்டத்தை நீங்கள் எங்களுக்கு விளக்கியது ஒரு மதிய உணவு வேளையில்தான். குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்ட சரக்கை விற்பதானால் அந்த ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். யார் மீது பொறுப்பைச் சுமத்தப் போகிறோமோ அவருடைய கையொப்பம் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீதிமன்றம் ஏறிப் பயனில்லை. "எதுக்குக்கா இவ்வளவு கெடுபிடி?" என்று கேட்டோம். "நடக்காத பேரத்த நடந்துச்சுன்னு எவனாவது பொய் சொல்லிடக் கூடாதுல்ல? அதுக்குத்தான்" என்றீர்கள். அவ்வளவு எளிமையான காரணம் அது. அதைத் தலைகீழாகத் திருப்பவும் ஆளிருக்கிறது என்பதை நாங்கள் ஏழாண்டுகளுக்கு முன் கண்டோம்.

அந்தக் கதையைத்தான் இந்த மடலில் எழுத வேண்டாம் என்றார்கள். ஆகவே அதைத்தான் எழுதுகிறோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணி. நமது மேலாளர் ஒரு கையில் தேநீரும் மறு கையில் கோப்புமாக உங்கள் மேசைக்கு வந்தார். கை ஒழியாததால் தொலைபேசியின் ஒலிபெருக்கிப் பொத்தானை விரல் நுனியால் அழுத்தி, கண்ணாடிப் பட்டறைக்காரரை அழைக்கச் சொன்னார். நம் ஆலைக்குப் பல்லாண்டுகளாகப் புட்டி ஊதித் தந்தவர் அவர். எட்டுத் தொழிலாளிகள், ஒரே ஓர் உலை. நம் இருமல் மருந்துக்கென்றே ஆறு பட்டை வைத்து, தோளில் நம் ஆலையின் பெயர் புடைத்து நிற்கும்படி அச்சு வைத்திருந்தார்.

"நாப்பதாயிரம் பாட்டில் வேணும். நம்ம ஆறு பட்டை, நம்ம பேரு போட்டது. இன்னைக்கே உலைய பத்த வைங்க" என்றார் மேலாளர்.

"சரிங்க சார். ஆர்டர் பேப்பர் மட்டும்..."

"பேப்பர் பின்னாலயே வருது. என் வார்த்தை போதாதா?"

"போதும் சார்."

தேநீர் ஆறுவதற்குள் முடிந்த பேச்சு. அன்று பிற்பகலே நீங்கள் கொள்முதல் ஆணையைத் தட்டச்சு செய்து மேலாளரின் தட்டில் வைத்தீர்கள். அது அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் பொறுக்க மாட்டாமல் பட்டறைக்கு நீங்களே பேசினீர்கள். "அண்ணே, கையெழுத்து இன்னும் ஆகல. கொஞ்சம் பொறுத்து ஆரம்பிக்கலாமே?"

"உலை பத்த வெச்சாச்சும்மா. நடுவுல அணைச்சா உள்ள இருக்கிற மண்தொட்டி விரிசல் விட்டுடும். நேத்தும் சார்கிட்ட கேட்டேன், ஊதிக்கிட்டே இருங்கன்னாரு."

பத்தாம் நாள் பிளாஸ்டிக் புட்டி விற்பவர் ஒருவர் மாதிரிகளோடு வந்தார். மேலாளரின் அறைத் தரையில் ஒரு புட்டியைப் போட்டுக் காட்டினார். உடையவில்லை. விலையும் குறைவு, எடையும் குறைவு. அவர் படியிறங்கிப் போனதும் மேலாளர் தம் தட்டிலிருந்த உங்கள் தாளை எடுத்து நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். அடுத்த வாரம் பட்டறை வண்டி முதல் சுமையோடு வந்து நின்றபோது வாயிற்காவலரிடம் சொல்லித் திருப்பி அனுப்பச் சொன்னார். பட்டறைக்காரர் வியர்வை வழிய மாடியேறி ஓடி வந்தார். மேலாளர் நாற்காலியை விட்டு எழவில்லை. "ஆர்டரா? எந்த ஆர்டர்? எழுத்து எங்க?" என்று கேட்டார்.

இருபத்தொன்பது ஆண்டுகளாக நீங்கள் கேட்ட கேள்வி அது, அக்கா. பொய்யைத் தடுக்கக் கேட்டீர்கள். அவர் பொய்க்குக் காவலாய்க் கேட்டார்.

பட்டறைக்காரர் வழக்குப் போட்டார். நம் ஆலையின் வழக்கறிஞர் வந்து, மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு அமர்ந்து, கவலையே வேண்டாம் என்றார். எழுத்தில்லை, கையொப்பமில்லை, ஆகவே ஒப்பந்தமே இல்லை, முதல் நாளே முடிந்துவிடும் என்றார். ஒரே ஒரு பிரமாணப் பத்திரம் மட்டும் வேண்டும். கொள்முதல் பிரிவின் தலைமை எழுத்தர் என்ற முறையில் நீங்கள் கையொப்பமிட வேண்டும். "அப்படி ஓர் ஆணை தரப்படவே இல்லை" என்பது அதன் நான்காம் வரி.

நீங்கள் படித்தீர்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தீர்கள். "ஆர்டர்ல கையெழுத்து ஆகலன்னு எழுதுங்க, போடறேன். ஆர்டரே இல்லன்னா போட மாட்டேன்" என்றீர்கள்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார் வழக்கறிஞர்.

"ஒண்ணுன்னா நான் சொல்றபடியே எழுதிடுங்களேன்."

மேலாளர் குரலை உயர்த்தினார். "உங்களுக்கு யாரு சம்பளம் தர்றது? பட்டறைக்காரனா?"

"சம்பளம் வேலைக்கு சார். இது வேலையில்ல" என்று சொல்லிப் பேனாவை மூடி வைத்தீர்கள். எல்லோரிடமும் கையொப்பம் கேட்டு நீளும் உங்கள் கை, வாழ்நாளில் முதன்முறையாக ஒரு தாளைக் கையொப்பமின்றித் திருப்பிக் கொடுத்தது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை தொலைபேசிப் பேச்சு உங்களுக்கு மட்டும் கேட்கவில்லை. எதிர் மேசையில் நானும் இருந்தேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. வழக்கறிஞர் என்னிடம் திரும்பி, "நீங்க?" என்றபோது, "நான் அப்ப சீட்ல இல்ல சார்" என்றேன். என் வீட்டில் அப்போதுதான் இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. அது காரணம், சமாதானம் அல்ல. நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். காட்டிக்கொடுக்கவில்லை. "அவர் இருந்தாரே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் மதிய உணவுக்கு எழுந்து போனீர்கள். அன்று உங்கள் அருகில் யாரும் அமரவில்லை. அடுத்த நாளும் இல்லை. உணவறையில் எட்டுப் பேர் அமரும் நீள மேசையில் நீங்கள் ஒருவராய்ச் சாப்பிட்டீர்கள். மற்றொரு மேசையில் பதினைந்து பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, தலை நிமிராமல் தின்றோம். இதை ஊழியர் அனைவரும் சேர்ந்து எழுதச் சொன்னார்கள். வெட்கத்தையும் எழுத்தில் வைக்க வேண்டும் என்று நீங்கள்தானே பழக்கினீர்கள்!

பட்டறைக்காரர் தரப்புச் சாட்சியாக வரும்படி நீதிமன்றத் தாள் உங்கள் வீட்டுக்கு வந்த நாளைப் பற்றி உங்கள் கணவர், எங்கள் மாமா, எங்களிடம் சொன்னார். முதுகு எலும்பு நழுவி அவர் படுத்திருந்த காலம் அது. வீட்டில் உங்கள் ஊதியம் ஒன்றே. இரு மகள்களும் கல்லூரியில். தாளைக் கட்டில் மீது வைத்துவிட்டு, "வேலை போனாலும் போகும்" என்றீர்களாம்.

"நீ பொய் சொல்லிட்டு வந்தா என்கூட பேசுவியா?" என்று கேட்டாராம் மாமா.

"மாட்டேன்."

"அப்ப எனக்குத்தான் நஷ்டம். படுத்துக்கிட்டு யாருகூட பேசறது? போய் சொல்லிட்டு வா."

மாமா, நீங்கள் முன்வரிசையில் முகத்தை மூடிக்கொள்ள வேண்டாம். இந்த மடலில் பாதி உங்களுக்கு.

நீதிமன்றத்தில் ஆறு பட்டைப் புட்டி ஒன்று நீதிபதி அம்மையாரின் மேசை மீது இருந்தது. நீங்கள் கூண்டில் நின்றீர்கள். நம் வழக்கறிஞர் நயமாகத் தொடங்கினார். "இருபத்தொம்பது வருஷமா எழுத்து இல்லாம எதையுமே வாங்கினதில்லன்னு பேரெடுத்தவங்க நீங்க. அப்ப எழுத்தே இல்லாத இது மட்டும் எப்படி ஆர்டர் ஆகும்?"

"எழுத்து இருந்துச்சு சார். நான் எழுதினேன். கையெழுத்து போட வேண்டியவர் போடாம கிழிச்சிட்டாரு. அது எங்க பக்கத்து குத்தம். பட்டறைக்காரர் என்ன பண்ணுவாரு?"

"சட்டப்படி இது ஒப்பந்தம் இல்ல. ஒத்துக்கறீங்களா, இல்லையா?"

"அத ஜட்ஜ் அம்மா சொல்லுவாங்க. என்ன நடந்துச்சுன்னு கேளுங்க, அத நான் சொல்றேன்."

"மெதுவா பேசுங்க."

"ஃபோன்ல எங்க சார் இதவிட சத்தமா பேசினாரு."

அறையில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி அம்மையார் மேசையைத் தட்டினார். பிறகு அந்தப் புட்டியை எடுத்து, தோளில் புடைத்திருந்த எழுத்துகள் மீது கட்டைவிரலை ஓட்டினார். "இதுல உங்க கம்பெனி பேரு இருக்கே. இத வேற யாரு வாங்குவாங்க?" என்று வழக்கறிஞரிடம் கேட்டார்.

"உருக்கி வேற ஏதாவது பண்ணிக்கலாம் அம்மா."

"உருக்கினா அது கண்ணாடி. நான் பாட்டில கேட்டேன்."

சற்று நேரத்தில் மேலாளரும் கூண்டேற வேண்டி வந்தது. பேசியதே இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தவர், உங்கள் சாட்சியத்துக்குப் பின் நீதிபதி நேருக்கு நேர் கேட்டதும், "பேசினேன்... சும்மா விசாரிச்சேன்" என்றார். "நாப்பதாயிரம்னு எண்ணிக்கை சொல்லியா விசாரிப்பாங்க?" என்றார் நீதிபதி. மேலாளர் தண்ணீர் கேட்டார்.

மூன்று மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. எழுத்து வேண்டும் என்பதே விதி. ஆனால் வாங்குபவருக்கென்றே தனியாகச் செய்யப்பட்டு, வேறெவருக்கும் விற்க முடியாத சரக்கு என்றால், வாங்குபவர் பின்வாங்கும் முன்பே வேலை தொடங்கிவிட்டது என்றால், எழுத்தில்லை என்று சொல்லி அவர் தப்ப முடியாது. பேசியதை நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொண்டவரும் தப்ப முடியாது. நாற்பதாயிரம் புட்டிகளையும் ஆலை ஏற்றுக்கொள்ள வேண்டும், விலையைத் தந்தாக வேண்டும். பட்டறைக்காரர் நீதிமன்றப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, எழுந்திரிங்க. அடுத்த தடவ கையெழுத்து வாங்காம உலைய பத்த வெச்சீங்கன்னா நானே உங்க மேல கேஸ் போடுவேன்" என்றீர்கள். அழுதுகொண்டிருந்தவர் சிரித்தார் என்று அவரே சொன்னார்.

உங்களை வேலையிலிருந்து நீக்க அவர்களுக்குத் துணிவில்லை. நீதிமன்றத்தில் உண்மை சொன்னதற்காக நீக்கினால் மறுபடி நீதிமன்றம் போக வேண்டும். ஆகவே வேறு வழி கண்டார்கள். தீர்ப்பின்படி வந்திறங்கிய புட்டிகளைக் கொல்லைப்புறக் கிடங்கில் அடுக்கி, அதற்குப் பொறுப்பாளராக உங்களை அமர்த்தினார்கள். ஒரு குண்டு பல்பு. மேற்கு வெயில் நேரே இறங்கும் ஜன்னல். ஒரு கால் குட்டையான மேசை. தொலைபேசி கிடையாது. நீங்களாகவே வேலையை விட்டுப் போவீர்கள் என்று ஒரு மாதம் பார்த்தார்கள். நீங்கள் முதல் நாள் மேசைக்காலுக்கு அட்டை மடித்து வைத்தீர்கள். இரண்டாம் நாள் ஒரு பதிவேடு திறந்தீர்கள்.

ஆண்டு திரும்புவதற்குள் பிளாஸ்டிக் புட்டிகள் வெயிலில் நெளிந்தன, மூடியோரம் மருந்து கசிந்தது. கண்ணாடிப் புட்டி தேவைப்பட்டது. மேலாளர் ஆளனுப்பி ஆயிரம் புட்டி எடுத்து வரச் சொன்னார். வந்தவரிடம் துண்டுத் தாளை நீட்டினீர்கள். "யாருக்கு, எத்தனை, எதுக்கு. கீழ சார் கையெழுத்து." மேலாளர் மறுத்தார்; புட்டி போகவில்லை. மருந்து நிரப்பும் இயந்திரம் அரை நாள் நின்றது. பிற்பகல் மூன்று மணிக்கு மேலாளரே மழைத்தண்ணீர் தேங்கிய கொல்லையைத் தாண்டி, காலணி நனைய நடந்து வந்து, அந்தக் குட்டைக்கால் மேசையில் குனிந்து கையொப்பமிட்டார். "தேதி சார்" என்றீர்கள். தேதியும் இட்டார். அன்று மாலை உணவறையில் உங்கள் நீள மேசையில் இடம் பிடிக்க அடிதடி. நானும் வந்து உங்கள் எதிரே அமர்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "குழந்தை எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டீர்கள். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டே, "நடக்க ஆரம்பிச்சாச்சுக்கா" என்றேன்.

ஆறு ஆண்டுகள் அந்தக் கிடங்கில் இருந்தீர்கள். பதவி உயர்வு வரவில்லை. உங்களுக்குக் கீழ் இருந்த இருவர் உங்களுக்கு மேலே போனார்கள். அதைப் பற்றி நீங்கள் பேசியதில்லை; ஆனால் வலித்தது என்பது எங்களுக்குத் தெரியும். மேற்கு வெயிலில் ஒரு கண் மங்கியதும் தெரியும். வென்றவர் எல்லாம் பெற்றார் என்று இந்த மடலில் பூசி மெழுக மாட்டோம். நீங்கள் இழந்தீர்கள். இழப்பு தெரிந்தே நின்றீர்கள். அதைத்தான் பாராட்டுகிறோம்.

இந்த விழாவைக் கூட்ட அறையில் நடத்த அனுமதி கேட்டோம். மடலை இரு நாள் முன்பே அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினோம். "மூன்றாம் பத்தி முதல் நீக்குக" என்று சிவப்பு மையில் குறித்து வந்தது. நீக்கினால் மிச்சமிருப்பது வணக்கமும் வாழ்த்தும்தான். அதற்கு ஓர் அஞ்சலட்டை போதும். நீக்க மாட்டோம் என்று எழுதி, பெறுகை ஒப்பம் வாங்கிக்கொண்டு கொடுத்தோம். கூட்ட அறையைப் பூட்டினார்கள். ஆகவே, அக்கா, சரக்கேற்றும் மேடையில் உங்களை நிறுத்தி வாசிக்கிறோம். பின்னால் அட்டைப்பெட்டிகள், தலைக்கு மேல் தகரம். இந்த மடல் சட்டத்துக்கு உட்பட்டது. மரச்சட்டத்தைச் சொன்னால், அதைச் செய்து கொடுத்தவர் நம் தச்சர். மற்றச் சட்டத்தைச் சொன்னால், அதற்கு நீங்களே சாட்சி.

மேலாளர் அவர்களே, ஜன்னலை மூடுவது தெரிகிறது. பரவாயில்லை. இதன் படி ஒன்று உங்கள் மேசைக்கும் வரும், பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமிடுங்கள்.

அன்பு அக்கா! அந்தக் கண்ணுக்கு நல்ல மருத்துவரைப் பாருங்கள். காலை எட்டரைக்குள் எங்கும் ஓட வேண்டியதில்லை. ஒன்பது வரை உறங்குங்கள். மாமாவோடு நாள்தோறும் மாலையில் நடங்கள். மகள்கள் வீட்டுக்குப் போனால் மளிகைக்காரரிடம் துண்டுத் தாள் கேட்காதீர்கள். கேட்காமல் இருக்க முடியாது என்றால் கேளுங்கள். நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு தாண்டியும் நினைவு மங்காமல், நாக்கின் கூர் குறையாமல், இதே பிடிவாதத்தோடு வாழ்க! வாழ்க! என்று வாயாரச் சொல்லி, எழுத்திலும் தருகிறோம்.

இங்ஙனம்,
தங்கள் அன்பை என்றும் மறவாத
இருமல் மருந்து ஆலை ஊழியர்கள்

ஆலையில் நாங்கள் முப்பத்தொன்பது பேர். கீழே ஒப்பமிட்டவர் முப்பத்து நால்வர். ஒப்பமிட அஞ்சியவர் ஐவர். அவர்களும் வந்திருக்கிறார்கள், அக்கா. அவர்களுக்கும் நாற்காலி போட்டிருக்கிறோம்.